நிதி அமைப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது, மீண்டு வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதமாக நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடுகிறது. போனை எடுத்து வங்கி இருப்பைப் பார்க்கிறேன். தொகை குறையவில்லை. ஆனால் திரையில் மினுங்கும் வெறும் எண்ணாகத்தான் தெரிகிறது.

2008இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலான கதையைப் படித்தபோது, நமக்கென்ன என்று ஒதுக்கினேன். அப்புறம் சைப்ரஸ். 2013இல் அங்கே இரண்டு பெரிய வங்கிகளின் நஷ்டத்தை, 1,00,000 யூரோவுக்கு மேல் போட்டு வைத்திருந்தவர்களின் பணத்திலும் கை வைத்து ஈடுகட்டினார்கள். தப்பு செய்தவர் ஒருவர், தண்டனை சேமித்தவருக்கா? அந்தக் கோபத்தில் வாரக்கணக்காக யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கொஞ்சம் தங்கம் வாங்கினால் சரியாகிவிடும் என்று கணக்கும் போட்டுப் பார்த்தேன்.

இப்போது கோபம்கூட இல்லை, சோர்வுதான். மரணத்தை எதிர்கொள்பவர்களைப் பற்றி மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து நிலைகளில் நான்காவதான மனச்சோர்வில் நிற்கிறேன் போலும். வீட்டில் சொன்னால், "மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே" என்கிறார்கள்.

இதைக் கடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சேமிப்பை எப்படிப் பிரித்து வைத்தீர்கள்? முக்கியமாக, தூக்கம் எப்படித் திரும்பியது? முதலீட்டுத் திட்டம் விற்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.