பசங்க முன்பல்லுல ஃப்ளூரைடு கறை – ட்ரீட்மெண்ட் எடுத்தவங்க, எடுக்காம விட்டவங்க அனுபவம் சொல்லுங்க

மழைத்துளி:
பையனுக்கு பத்து வயசு. மேல் முன்பல்லு ரெண்டுலயும் குறுக்கால பழுப்பா ஒரு பட்டை, அதைச் சுத்தி சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டு. ஒழுங்கா பல்லு தேய்க்கிறதில்லையான்னு கேக்காத சொந்தக்காரங்க பாக்கி இல்ல. ஃப்ளூரோசிஸ்னு டாக்டர் சொல்லிட்டாங்க, தேய்ச்சா போற அழுக்கு இல்ல, பல்லு தாடைக்குள்ள உருவாகும்போதே ஃப்ளூரைடு அதிகமா போனதால எனாமல், அதாவது பல்லோட வெளி அடுக்கு, சரியா இறுகாம போயிருக்குன்னாங்க. அதோட மூணு நாலு ட்ரீட்மெண்ட் பேரை கடகடன்னு சொன்னாங்க, எதுவும் மண்டையில ஏறல. நாங்க கிளப்பிவிட்டதில்ல, அவனாத்தான் வந்து இதை எடுக்க முடியுமான்னு கேட்டான். அதான் இங்க கேக்குறேன். நடந்ததை அப்படியே சொல்லுங்க, விளம்பரம் வேணாம்.

கடைசிபெஞ்ச்:
எங்க பொண்ணுக்கு மைக்ரோ அப்ரேஷன் பண்ணோம் (ஆபரேஷன் இல்ல, எனாமலை மேலாக லேசா தேய்ச்சு எடுக்குறது), அப்போ அவளுக்கு பதினொண்ணு நடக்குது. முதல்ல கண்ணாடி மாட்டிவிட்டு, பல்லு மட்டும் வெளிய தெரியுற மாதிரி ஒரு ரப்பர் ஷீட்டை மாட்டுறாங்க, ஈறுல ஆசிட் படக்கூடாதுன்னு. அப்புறம் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் நறநறன்னு பொடியும் கலந்த ஒரு பேஸ்ட், அதை மெதுவா சுத்துற ரப்பர் கப்பால கொஞ்ச நேரம் தேய்க்கிறது, கழுவுறது, ஈரமா இருக்கும்போதே உத்துப் பாக்குறது, தேவைன்னா மறுபடி. ஊசி கிடையாது, வலின்னு அவ எதுவும் சொல்லல, ஆனா அந்த ரப்பர் ஷீட்டைத் திட்டித் தீர்த்துட்டா. மேல இருந்து போறது சுமார் 0.1 மில்லிமீட்டர் எனாமல்தான்னு சொன்னாங்க, பல்லுல இருக்கிற மொத்த கனத்துல அது கொஞ்சம்தான், ஆனா போனது போனதுதான், திரும்ப வளராது. அதனால கறை போகலன்னா நிறுத்திடணும், விடாம தேய்ச்சுக்கிட்டே இருக்கக்கூடாதுங்கிறதை முன்னாடியே பேசிட்டோம்.

ரிசல்ட் சொல்றேன். பழுப்பு சுத்தமா போயிடுச்சு. வெள்ளை போகல, கொஞ்சம் மங்குச்சு, அவ்வளவுதான். இதையும் டாக்டர் முதல்லயே சொல்லியிருந்தார். பழுப்பு நிறம் ஃப்ளூரைடோட நிறமே இல்லையாம், பல்லு முளைச்சப்புறம் எனாமல்ல இருக்கிற நுண்ணிய ஓட்டைகள்ல வெளிய இருந்து கலர் இறங்கி உக்காந்துக்கிறது, அதனால மேலாகவே இருக்கும், வெள்ளை உள்ள இருக்கும். முடிஞ்ச உடனே ஃப்ளூரைடு ஜெல் தடவினாங்க, எனக்கு சுருக்குன்னுச்சு, இதாலதானே வந்துச்சு மறுபடி இதேவான்னு கேட்டேன். முளைச்சு முடிஞ்ச பல்லுக்கு ஃப்ளூரோசிஸ் வராது, உருவாகுற காலத்துலதான் வரும், இப்ப தடவுறது தேய்ச்ச இடம் கெட்டியாகுறதுக்குன்னார். ரெண்டு நாளைக்கு கலர் ஒட்டுற எதையும் சாப்பிட, குடிக்க வேணாம்னும் சொல்லி அனுப்பினாங்க.

முக்கியமா ஒண்ணு, அன்னிக்கே பாத்து முடிவு பண்ணாதீங்க. பல்லு காஞ்சு போயிருக்கும், காஞ்சா வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சுனு தெரியும். வீட்டுக்கு வந்து என் மனைவி, இப்ப இன்னும் மோசமா இருக்கேன்னு கவலைப்பட்டுட்டாங்க, ஈரம் ஏறினதும் அடங்கிடுச்சு.

இரவுப்பணி:
நான் பல் கிளினிக்ல அசிஸ்டெண்ட், டாக்டர் இல்ல, தினம் பக்கத்துல நின்னு பாக்குறதைச் சொல்றேன். முதல்ல இது ஃப்ளூரோசிஸ்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. ஃப்ளூரோசிஸ்னா இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஓரம் தெளிவில்லாம மேகமா, குறுக்குக் கோடா பரவியிருக்கும். ஒரு பல்லுல மட்டும் கட்டம் போட்ட மாதிரி ஓரம் தெரிஞ்சா, இல்ல ஆறு வயசு கடைவாய்ப்பல்லும் சேர்ந்து மஞ்சளா, கூச்சமா, ஓரம் உதிர்ந்துபோயி இருந்தா அது வேற பிரச்சனை, அதுக்கு வைத்தியமும் வேற. ஈறு ஓரமா வெள்ளையா இருந்தா சொத்தையோட ஆரம்பமா இருக்கலாம். பசங்களைக் கூட்டிட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு இதெல்லாத்துக்கும் ஒரே பேரைத்தான் சொல்றாங்க.

அப்புறம் ஆசிட்னு கேட்டு பயப்படுறவங்களுக்கு, இது நேத்து கண்டுபிடிச்சது இல்ல. 1916லயே இந்தக் கறைக்கு ஆசிடை சூடு காட்டி தடவியிருக்காங்க. 1986ல க்ரோல், கவனாவ்னு ரெண்டு பேரு 18 சதவீத ஆசிடை ப்யூமிஸ் பொடியோட கலந்து பண்ற முறையை எழுதினாங்க, இப்ப ரெடியா வர்ற பேஸ்ட்ல அதைவிட ரொம்ப கம்மி, 6.6 சதவீதம் இருக்கிறதும் உண்டு.

நீலவானம்:
எங்க மகனுக்கு பழுப்பு கிடையாது, வெறும் வெள்ளை. அதனால ரெசின் இன்ஃபில்ட்ரேஷன், அதாவது லைட்டு அடிச்சா இறுகுற ஒரு பிளாஸ்டிக் திரவத்தை பல்லுக்குள்ள ஊற விடுறது, ஐகான்னு வர்ற கிட். எனக்கு இதுல பிடிச்சதே அதோட லாஜிக்தான், கொஞ்சம் இழுக்குறேன் மன்னிச்சுக்கோங்க. நல்ல எனாமல் வெளிச்சத்தை வளைக்கிற அளவு 1.62, தண்ணி 1.33, காத்து 1. திட்டு இருக்கிற எடத்துல ஓட்டைக்குள்ள தண்ணியும் காத்தும் இருக்கு, அளவு ஒத்துப்போகாததால வெளிச்சம் அங்க சிதறிப் போய் வெள்ளையா தெரியுது. அந்த ஓட்டைக்குள்ள 1.5 சொச்சம் இருக்கிற ரெசினை ஊற வெச்சுட்டா எனாமலோட கிட்டத்தட்ட ஒத்துப்போயிடும், திட்டு கண்ணுக்கு மறையும். பெயிண்ட் அடிச்சு மூடுறது இல்ல இது, அதனால பக்கத்துல இருக்கிற பல்லு என்ன கலரோ அதே கலர்ல தெரியும்.

நடந்தது என்னன்னா, அதே ரப்பர் ஷீட், 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஜெல் ரெண்டு நிமிஷம், கழுவல், அப்புறம் காய வைக்க ஆல்கஹால். இந்த ஆல்கஹால் ஸ்டெப்தான் சூட்சுமம், அதைத் தடவினதும் திட்டு மங்குதான்னு பாக்குறாங்க, மங்கலன்னா மேல் தோல் இன்னும் திறக்கலன்னு அர்த்தம், மறுபடி ஆசிட். எங்களுக்கு மறுபடி போட வேண்டி வந்துச்சு, ஃப்ளூரோசிஸ் பல்லுல மேல் அடுக்கு மட்டும் கெட்டியா இருக்குமாம், ஓட்டையெல்லாம் அதுக்குக் கீழ. கடைசியா ரெசின் தடவி மூணு நிமிஷம் ஊறவிட்டு நீல லைட்டு அடிச்சு, இன்னொரு தடவை போட்டு, பாலிஷ்.

ஒரு பல்லுல தேடினாலும் கிடைக்கல, அப்படி மறைஞ்சிடுச்சு. இன்னொண்ணுல திட்டு ஆழமாம், பாதி நின்னுடுச்சு. அவனுக்கு அந்தப் பாதி போதும்னுட்டான், எனக்குத்தான் மனசு வரல, ஆனா பல்லு அவனோடது.

வெயில்காலம்:
என்னங்க இவ்வளவு சுத்துறீங்க, பல்லு மேல மெல்லிசா வெனீர் ஓடு ஒட்டிட்டா ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது. எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டு தேய்ச்சே சரியாச்சுன்னு என் ஃப்ரெண்டு சொன்னா.

இரவுப்பணி:
வெயில்காலம் அக்கா, கோவிச்சுக்காதீங்க, ரெண்டுமே பத்து வயசுப் பையனுக்கு வேணாம். எலுமிச்சையும் ஆசிட்தான், ஆனா எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம்னு எந்தக் கணக்கும் இல்லாத ஆசிட், எனாமல் போகும் கறை போகாது. கரி பேஸ்ட்டும் அதே கதை, உரசும், உள்ள இருக்கிறதை தொடாது. பீங்கான் வெனீருக்கு பல்லை சீவ வேண்டி வரும், இந்த வயசுல பல்லுக்கு நடுவுல இருக்கிற நரம்பு அறை பெருசு, ஈறும் இன்னும் மேல ஏறிட்டு இருக்கும், இன்னிக்கு ஈறோட ஒட்டி வெச்ச ஓரம் பின்னாடி வெளிய தெரியும். எனாமல்ல குழி விழுந்திருந்தாலோ உதிர்ந்திருந்தாலோ டாக்டரே பல் கலர் ஃபில்லிங் பொருளை மேல வெச்சு சரி பண்ணுவாங்க, அது வேற, அதுக்கு பெருசா சீவ வேண்டியதில்ல.

தாமரைக்குளம்:
மூத்தவளுக்கு பதினேழு வயசுல பிளீச்சிங் பண்ணோம், வீட்டுல ட்ரேல ஜெல் வெச்சு ராத்திரி போட்டுக்கிறது, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. இதுல திட்டு போகாது, மத்த பல்லு வெளுத்து திட்டோட வித்தியாசம் குறையும், அவ்வளவுதான். ஆரம்பத்துல திட்டு இன்னும் எடுப்பா தெரிஞ்சு ஒரே அழுகை, போகப் போக பரவாயில்ல. கூச்சம் இருந்துச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள்னு மாத்தினோம். பிளீச் பண்ண கையோட ரெசினோ ஃபில்லிங்கோ வைக்கக்கூடாது, ரெண்டு வாரமாவது விடணும், இல்லன்னா சரியா ஒட்டாதுன்னாங்க. சின்னவனுக்கும் பண்ணுங்கன்னு கேட்டதுக்கு பால்பல்லு இன்னும் விழுந்துட்டிருக்கு, முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க, சரியாத்தான் பட்டுச்சு.

பச்சைக்கதவு:
நாங்க எதுவும் பண்ணல. பொண்ணுக்கு லேசான வெள்ளைக் கோடு, அவளுக்கு அது ஒரு விஷயமாவே இல்ல, நாமளா போயி உன் பல்லுல குறை இருக்குன்னு சொல்லணுமா? ஆனா கைக்குழந்தை ஒண்ணு இருக்கிறதால தண்ணியை டெஸ்ட் பண்ணோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு, எங்க போர்வெல் தண்ணி அதைத் தாண்டி இருந்துச்சு. கொதிக்க வெச்சா போகாது, தண்ணி வத்துறதால இன்னும் செறிவாகும், சாதா கரி ஃபில்டரும் இதுக்கு உதவாது, ஆர்ஓ மாதிரிதான் வேணும். நிரந்தர முன்பல்லு உருவாகுறது கைக்குழந்தையா இருக்கும்போதே, முதல் மூணு வருஷம்தான் அதுக்கு ரொம்ப முக்கியம்னாங்க, அதான் அவசரமா மாத்தினோம். பேஸ்ட்டை நிறுத்தல, மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, ஆறு வரைக்கும் பட்டாணி அளவு, முழுங்காம துப்பணும், அவ்வளவுதான்.

கடைசிபெஞ்ச்:
பச்சைக்கதவு சொன்னதுல எனக்கு ஒரு சின்ன மாத்துக் கருத்து. குழந்தை சொல்லலன்னா கவலையே இல்லன்னு அர்த்தம் இல்ல, எங்க பொண்ணு ரொம்ப நாள் வாயே திறக்கல. மெதுவா ஒரு தடவை கேட்டுப் பாருங்க, இல்லன்னு சொன்னா விட்டுடுங்க.

மழைத்துளி:
எல்லாருக்கும் நன்றிங்க. எங்க பையனுக்கு பழுப்பும் இருக்கு வெள்ளையும் இருக்கு, அப்ப முதல்ல மைக்ரோ அப்ரேஷன், மிச்சத்தை பாத்துட்டு ரெசின்னு கேக்கலாமா?

இரவுப்பணி:
ஆமா, அந்த வரிசையில பண்றதை நான் நிறைய பாக்குறேன், சில பேருக்கு ஒரே சிட்டிங்லயே ரெண்டும். முன்னாடியும் பின்னாடியும் ஒரே வெளிச்சத்துல போட்டோ எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

மழைத்துளி:
பையன்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆசிட் புளிக்குமாம்.

கடைசிபெஞ்ச்:
புளிக்காது தம்பி, நாக்கு வரைக்கும் வரவே வராது. ரப்பர் வாசனைக்கு மட்டும் ரெடியா இரு.