மறுமொழி: உருட்டிய கல்லின் கடைசிப் பளபளப்புக்குக் கலைச்சொல்

> கடைசி இரண்டு கட்டங்களையும் சேர்த்து ‘இறுதி மெருகூட்டல்’ என்று வைத்துவிடலாமே?

சேர்க்க வேண்டாம் ஐயா. கூழாங்கல்லை டிரம்மில் உருட்டிப் பளபளப்பாக்கும்போது அந்தக் கடைசி இரண்டு கட்டங்களும் வேறு வேறு வேலை.

இங்கே கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைக்காரர்கள் எல்லாவற்றையும் ‘பாலிஷ்’ என்றே முடித்துவிடுவார்கள். பலகைக்கு அது போதும். டிரம்மில் உருட்டும் கூழாங்கல்லுக்குப் போதாது. சிலிக்கான் கார்பைடு என்ற தேய்ப்புத் தூளில் 80, 220, 500 என்ற எண்களில் (எண் கூடினால் தூள் நுண்மை) தேய்ந்து வந்த கல் வழவழப்பாக இருக்கும், ஆனால் மங்கல்தான். அலுமினியம் ஆக்சைடு தூளோடு ஒரு வாரம் போல ஓடிய பிறகே ஒளியைச் சிதறடிக்கும் நுண்கீறல்கள் மறையும். இது மெருகோட்டம். பிறகு தூளை அலசிவிட்டு, தண்ணீரில் கொஞ்சம் சோப்பைச் சீவிப் போட்டுச் சில மணி நேரம் ஓட்டுவோம். கல்லில் படிந்த வெள்ளைப் படலம் போய்விடும். பாத்திரம் துலக்குகிற வேலைதான், ஆகவே துலக்கோட்டம்.

சொல் ஒன்றானால் புதிதாக வருபவர் குழம்புவார். “இறுதி மெருகு வரவில்லை” என்றால் கீறலா, படலமா? கல்லை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு (ஈரக் கல் எல்லாமே மின்னும், நம்பக் கூடாது) டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்க்க வேண்டும். விளக்கின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் சரி. ஓரம் கலங்கினால் கீறல் இன்னும் இருக்கிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது, 500-க்கே திரும்ப வேண்டும். மூடி இடுக்கிலோ கல்லின் விரிசலிலோ ஒட்டிய ஒரே ஒரு 80-ஆம் எண் தூள் மணி போதும், மொத்த ஈடும் பாழ். மெருகோட்டத்துக்குத் தனி டிரம் வைப்பது அதனால்தான்.

*

தருமபுரியிலிருந்து இன்னொருவர்:

துலக்கோட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘உருட்டு’ என்று முடியாததும் நல்லது. அதிரும் வகை இயந்திரத்தில் டிரம் உருளாது, ஆனால் அதுவும் ஓட்டம்தான்.

ஒன்று சேர்க்க வேண்டும். நம் ஊர் கிரானைட்டில் குவார்ட்சின் கடினம் (மோஸ் அளவுகோலில்) 7, ஃபெல்ஸ்பாருக்கு 6, மைக்காவுக்குச் சுமார் 2.5 முதல் 3. மைக்கா முதலில் தேய்ந்து குழியாகிவிடும். சுற்றியெல்லாம் கண்ணாடி, நடுவில் கறுப்புப் புள்ளிகள். மெருகோட்டத்தை நீட்டினாலும் தீராத இந்தக் குறைக்கும் பெயர் வேண்டும். ‘மைக்காக்குழி’ என்றால் மைக்கா இல்லாத கல்லுக்குப் பொருந்தாது. ‘மென்குழிவு’ சரிவருமா, அண்ணா?