கன்னு போட்ட மாடு எழுந்திரிக்கல – கால்சியம் ஏத்தியாச்சு, இனி என்ன பயிற்சி?

கேள்வி:
ஜெர்சி கலப்பினம், மூணாம் ஈத்து, 350 கிலோ இருக்கும். கன்னு போட்ட ராத்திரியே பால் காய்ச்சல்ல (ரத்தத்துல கால்சியம் குறையுற நோய்) படுத்துருச்சு. காலையில டாக்டர் கால்சியம் ஏத்தினார். இப்ப தீனி எடுக்குது, அசை போடுது, பின்னங்கால் மட்டும் ஊன மாட்டேங்குது. சிமெண்டுத் தரை. நாலு பேர் வாலைப் பிடிச்சுத் தூக்கியும் நிக்கல. இன்னொரு பாட்டில் போடச் சொல்லலாமா?

பதில் 1:
முதல்ல வாலை விடுங்க. வால் எலும்பு விலகினா அது தனி வைத்தியம்.

ராத்திரி முழுக்க அத்தனை எடையும் அடியில மாட்டின தொடை மேலதான். ரத்த ஓட்டம் நின்னு சதை வீங்கும். மேல இருக்கிற இறுக்கமான உறை விரியாததால வீக்கம் உள்ளேயே நரம்பை நெரிக்கும். கால்சியம் சரியான பிறகும் கால் வராததுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரத்தம் பார்க்காம அடுத்த பாட்டில் வேண்டாம், வேகமா அதிகமா ஏறினா இதயத்தைப் பிடிக்கும். பாஸ்பரஸ் குறைவான்னும் டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னிக்கே மண் தரைக்கு மாத்துங்க. இழுக்காம, தார்ப்பாய்லயோ பழைய கதவுலயோ ஏத்தி நகர்த்தணும். ஆத்து மணல் ஒரு முழங்கை ஆழம் போடுங்க. வெறும் வைக்கோல் ஒதுங்கிப் போய் அடித்தரை தட்டும்.

3-4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தணும், ராத்திரியும்தான். ஒருத்தர் தலைக்கயிறைப் பிடிக்க, அடியில மாட்டின பின்னங்காலை வெளியே எடுத்து சப்பையை மறுபக்கம் சாய்க்கணும். நெஞ்சு ஊனித்தான் இருக்கணும். பக்கவாட்டுல சரிஞ்சா வயிறு உப்பும். எந்தத் தொடை கீழேன்னு சுவத்துல கரியால நேரத்தோட எழுதி வைங்க. ஆள் மாறும்போது இதுலதான் குழப்பம் வரும்.

பதில் 2:
பக்கம் மாத்தினதும் கீழே கிடந்த தொடையை உள்ளங்கையால குளம்புப் பக்கமிருந்து மேல்நோக்கி 10 நிமிஷம் நீவுங்க. அழுத்திக் குத்தக் கூடாது. பிறகு ஒவ்வொரு மூட்டையும் மெதுவா 10-15 தடவை மடக்கி நீட்டுங்க. வெடுக்குனு காலை இழுத்தா நிறுத்திடுங்க. வலி ஒருவிதத்துல நல்ல சேதிதான், உணர்வு இருக்கு.

எழ முயற்சி பண்ணும்போது கால் ரெண்டும் அகண்டு வழுக்கினா உள்தொடைச் சதை கிழியும். பின்னங்கால்களுக்கு நடுவுல ரெண்டு, மூணு அடி இடைவெளி விட்டு மெத்தென்ற பட்டையால இணைச்சுக் கட்டுங்க.

கேட்டவர்:
நன்றிங்க. இடது குளம்பு முன்பக்கமா மடங்கியே கிடக்கு. இடுப்பு எலும்பைக் கவ்வித் தூக்குற ஹிப் லிஃப்டர் கிடைக்குது, போடலாமா?

பதில் 1:
மடங்குறது முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடுற நரம்பு நசுங்கினதால. பஞ்சு சுத்தி, பாதியாப் பிளந்த பிவிசி குழாயை வெச்சு, குளம்பு நேரா ஊனுற மாதிரி கட்டுங்க. தினமும் அவிழ்த்துப் புண் இருக்கான்னு பாருங்க.

லிஃப்டர் போடலாம். கவ்வுற இடத்துல சாக்கு மடிச்சு வைங்க, நெஞ்சுக்கும் ஒரு பெல்ட் கொடுங்க, செயின் பிளாக்ல (சங்கிலிக் கப்பி) மெதுவா ஏத்துங்க. கால்ல கொஞ்சமாவது எடை போட்டா 10 நிமிஷம் நிக்கட்டும், ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு தடவை. துணி மாதிரி தொங்கினா உடனே இறக்கிடுங்க. தொங்கவிட்டா சப்பைச் சதைதான் நையும்.

பதில் 3:
மடியை மறந்துடாதீங்க. மணல் ஈரமா இருந்தா மடிநோய் வர வாய்ப்பு அதிகம். நனைஞ்ச மணலை அன்னன்னிக்கே அள்ளிடுங்க. தண்ணி வாளி வாய்க்கு எட்டுற தூரத்துல, கவிழாதபடி டயருக்குள்ள.