ஒடுயா ஆடியது ஆறு அணியா, ஏழு அணியா?

நீலக்கோடு:
நேற்று ஸ்ட்ரோல்மன் இழையில் நம் சறுக்குமரம் போகிற போக்கில் ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்: "ஜானி ஒடுயா ஏழு அணிக்குப் பெட்டி தூக்கியவர், எங்கும் நிலைக்காதவர், சிகாகோவில் கீத் தோளில் ஏறி உட்கார்ந்து இரண்டு கோப்பை வாங்கினார்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. (புதியவர்களுக்கு: ஒடுயா, ஸ்ட்ரோல்மன் இருவரும் ஸ்வீடன் ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மேன்கள், அதாவது தடுப்பாட்டக்காரர்கள்; கீத் சிகாகோவின் நட்சத்திர டிஃபென்ஸ்மேன்; கோப்பை என்றால் என்ஹெச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் ஸ்டான்லி கோப்பை.) ஒடுயாவை 2001 டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 221வது ஆளாக வாஷிங்டன் எடுத்தது, ஆனால் அவர்களுக்காக ஒரு நாளும் ஆடவில்லை. கனடாவின் கியூபெக் ஜூனியர் லீகிலிருந்து ஊர் திரும்பி ஹம்மர்பி, யூர்கோர்டன், ஃபிரோலுண்டா என்று ஸ்வீடன் அணிகளில் அலைந்து, 25 வயதை நெருங்கும்போது 2006 இல் நியூ ஜெர்சிக்குப் போனார். அங்கிருந்து 850 என்ஹெச்எல் ஆட்டங்கள். நிலைக்காதவர் 850 ஆட்டம் ஆடுவாரா? அணிகளையும் எண்ணிப் பாருங்கள்: நியூ ஜெர்சி, அட்லாண்டா, சிகாகோ, டல்லஸ், ஒட்டாவா, பிலடெல்பியா. ஆறு. ஏழு எங்கிருந்து வந்தது ஐயா?

சறுக்குமரம்:
வின்னிபெக்கை எந்தப் பையில் ஒளித்து வைத்தீர்கள்?

நீலக்கோடு:
இதைத்தான் எதிர்பார்த்தேன். 2011 இல் அட்லாண்டா அணியையே விற்று வின்னிபெக்குக்குக் கொண்டுபோனார்கள். அதே அணி, அதே ஆட்கள், அதே ஒப்பந்தம். கடையைப் பக்கத்து ஊருக்கு மாற்றினால் அங்கே வேலை பார்த்தவன் வேலை மாறினான் என்று சொல்வீர்களா?

சறுக்குமரம்:
அட்லாண்டாவுக்கு வின்னிபெக் பக்கத்து ஊரா? நாடே வேறு அண்ணே. ஒன்று ஜார்ஜியா வெயில், இன்னொன்று கனடாவில் மூக்கு உறைந்துபோகும் ஊர். பெயர் வேறு, சட்டை வேறு, ரசிகன் வேறு. வீட்டைக் காலி செய்தாரா, இல்லையா? பெட்டி தூக்கினாரா, இல்லையா? நான் சொன்னதே பெட்டியைப் பற்றித்தான். ஏழு.

மூன்றாவது பீரியட்:
ஒரு சந்தேகம். 'பெட்டிதூக்கி' என்றால் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள்? அணி எண்ணிக்கையா, ஒவ்வொரு இடத்திலும் இருந்த காலமா, டிரேடு (அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது) செய்யப்பட்டதா, தானாகப் போனதா? அதை முதலில் பேசி வைத்துக்கொண்டால் ஆறா ஏழா என்பது தேவையே படாதே.

நீலக்கோடு:
ஆறு. விளக்கமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 2009 ஜூலையில் நியூ ஜெர்சியோடு மூன்று வருடத்துக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர் ஒப்பந்தம். அந்த ஒரே காகிதத்தோடு 2010 பிப்ரவரியில் அட்லாண்டாவின் நட்சத்திரம் கோவல்சுக்கை நியூ ஜெர்சி வாங்கிய டிரேடில் அட்லாண்டா போகிறார், அணி இடம் பெயர்ந்ததால் வின்னிபெக்கில் ஆடுகிறார், 2012 பிப்ரவரியில் சிகாகோ வருகிறார். கோவல்சுக் மாதிரி ஒரு ஆளை வாங்க நியூ ஜெர்சி கொடுத்தவர்களில் ஒருவர் இவர். சிகாகோ இவருக்காக இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று டிராஃப்ட் தேர்வு இரண்டையும் கொடுத்தது. வேண்டாத ஆளுக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள்? நியூ ஜெர்சி தள்ளிவிடவில்லை, விலையாகக் கொடுத்தது. வித்தியாசம் புரிகிறதா?

சறுக்குமரம்:
ஒரே காகிதம், நாலு சட்டை. இதைவிடப் பெரிய பெட்டிதூக்கிக்கு எங்கே போவேன்? எனக்காக வாதாடியதற்கு நன்றி.

பெனால்டி பாக்ஸ்:
அணி இடம் மாறினாலும் அதே அணிதான் என்றால் ஒரு சின்னக் கணக்கு. பழைய வின்னிபெக் ஜெட்ஸ் 1996 இல் ஃபீனிக்ஸுக்குப் போனது. அதுதான் பின்னால் அரிசோனா. ஸ்ட்ரோல்மன் அரிசோனாவுக்கு ஆடியிருக்கிறார். ஆக நீலக்கோடு சட்டப்படி, வின்னிபெக் அணியில் இருந்தது ஸ்ட்ரோல்மன், அந்த ஊரில் நிஜமாகவே குளிரில் நடுங்கிய ஒடுயா இல்லை. சரிதானே?

நீலக்கோடு:
கிண்டல் வேண்டாம் தம்பி. அரிசோனா வேறு கதை.

பெனால்டி பாக்ஸ்:
எப்படி வேறு?

நீலக்கோடு:
வேறுதான். தலைப்புக்கு வாருங்கள்.

சறுக்குமரம்:
ஸ்ட்ரோல்மன் பெயரை எடுத்துவிட்டீர்கள், இனி சும்மா இருக்க முடியாது. அந்த மனிதர் 2014 இல் நியூயார்க் ரேஞ்சர்ஸோடு இறுதிக்குப் போய்த் தோற்றார், 2015 இல் டாம்பாவோடு இறுதிக்குப் போய்த் தோற்றார். 2019 இல் டாம்பாவை விட்டுப் போனார், 2020 இல் டாம்பா கோப்பை வாங்கியது. கோப்பையே இல்லாமல் முடித்தவர். ஆனால் இரண்டு பேரின் ஆட்டத்தையும் பார்த்தவனைக் கேளுங்கள், யார் நல்ல டிஃபென்ஸ்மேன் என்று. அதிர்ஷ்டம் யார் பக்கம் என்பதுதான் வித்தியாசம்.

நீலக்கோடு:
அதிர்ஷ்டமா? 2013 இறுதித் தொடர் (முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை), ஆறாவது ஆட்டம், எதிரணி பாஸ்டன். சிகாகோ 2-1 என்று பின்தங்கி நிற்கிறது. 76 விநாடி மிச்சம் இருக்கும்போது சிகாகோவின் பிக்கெல் சமன் செய்கிறார். பாஸ்டன் ரசிகர்கள் ஏழாவது ஆட்டத்துக்கு மனசைத் தயார்படுத்தி முடிப்பதற்குள், பதினேழே விநாடியில், ஒடுயா நீலக்கோட்டுப் பக்கமிருந்து (எதிரணிப் பகுதி தொடங்கும் கோடு) ஒரு அடி அடிக்கிறார், சக ஆட்டக்காரர் ஃப்ரோலிக் மட்டையில் உரசுகிறது, கோல் கம்பத்தில் மோதித் திரும்புகிறது, போலண்ட் உள்ளே தள்ளுகிறார். கோப்பை. அந்த அடி இல்லையென்றால் அந்த கோல் இல்லை. முதல் ஆட்டத்திலும் 3-3 என்று சமன் செய்தது யார்? ஒடுயா. அந்த ஆட்டம் மூன்றாவது ஓவர்டைம் வரை போய்த்தான் சிகாகோ ஜெயித்தது.

சறுக்குமரம்:
முதல் ஆட்டத்து கோல் பாஸ்டனின் ஃபெரன்ஸ் காலில் பட்டு உள்ளே போனது. ஆறாவது ஆட்டத்து அடி ஃப்ரோலிக் மட்டையில் பட்டுக் கம்பத்துக்குப் போனது. ஒன்றில் அடுத்தவன் கால், இன்னொன்றில் அடுத்தவன் மட்டை. இதற்குத்தான் அதிர்ஷ்டம் என்று பெயர்.

நீலக்கோடு:
பக் (ஹாக்கியின் ரப்பர் வட்டு) யாரோ ஒருத்தர் மேல் படத்தான் செய்யும், நீலக்கோட்டிலிருந்து அடிப்பதே அதற்குத்தான். 2015 இல் சிகாகோ டிஃபென்ஸ்மேன் ரோஸிவால் கணுக்கால் முறிந்து உட்கார்ந்த பிறகு கீத், சீப்ரூக், யால்மர்சன், ஒடுயா என்று நாலே பேரை நம்பித்தான் சிகாகோ கோப்பை வரை போனது. இறுதியில் தோற்றது யார்? உங்கள் ஸ்ட்ரோல்மன். ஜூன் 15, 2-0. அந்த ஆட்டத்துக்கு நீங்கள் என்னோடு பிரியாணி பந்தயம் கட்டியதாக ஞாபகம். இன்னும் வந்து சேரவில்லை.

சறுக்குமரம்:
பந்தயம் ஏழாவது ஆட்டத்துக்கு. ஏழாவது ஆட்டம் நடக்கவே இல்லை. நடக்காத ஆட்டத்துக்கு பிரியாணி கேட்பவரிடம் எண்ணிக்கை எப்படி இருக்கும்?

பெனால்டி பாக்ஸ்:
பந்தயம் தொடருக்கு. நானும் இருந்தேன். மட்டன்.

உப்சாலாவாசி:
இங்கே ஸ்வீடனில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். என்ஹெச்எல் எண்ணிக்கையெல்லாம் பிறகு. ஹம்மர்பியில் ஆடிவிட்டு 2003 இல் யூர்கோர்டனுக்குப் போனாரே, அதைத்தான் ஸ்டாக்ஹோமில் பேசுவார்கள். இரண்டும் ஒரே ஊர், ஆனால் தெருவில் பார்த்தால் பேசிக்கொள்ளாத இரண்டு ஊர். ஹம்மர்பியின் ஹாக்கிப் பிரிவு 2008 இல் திவாலாகி மூடிவிட்டது, அந்தக் கோபம் இன்னும் சிலருக்கு ஆறவில்லை.

சறுக்குமரம்:
அப்படியானால் ஸ்வீடனையும் சேர்த்தால் பத்து!

நீலக்கோடு:
ஸ்வீடனை யார் சேர்த்தது? எல்லோரும் ஊர் லீகில் ஆடித்தான் வருகிறார்கள். உப்சாலா அண்ணன் ஹம்மர்பி ஆள் போலிருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

உப்சாலாவாசி:
நான் எந்த ஆளும் இல்லை. ஃபிரோலுண்டாவோடு 2006 இறுதியில் ஃபார்யெஸ்டாடிடம் தோற்றதையும் சேர்த்துத்தான் சொல்ல வந்தேன், அதற்குள் வயிற்றெரிச்சல் என்கிறீர்கள். சரி, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன் என்று தள்ளும் அந்த வின்னிபெக் பருவத்தில், 2011 நவம்பரில்தான், அவருடைய அண்ணன் ஃப்ரெட்ரிக் கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவரும் டிஃபென்ஸ்மேன், 1993 இல் சான் ஹோசே எடுத்தது, என்ஹெச்எல் வரை வர முடியவில்லை. தம்பி அந்தத் துக்கத்தோடு ஆடிய ஊரை 'கடை இடம் மாறியது' என்று சொல்லாதீர்கள்.

நீலக்கோடு:
அது எனக்கும் வருத்தம்தான். நான் மனிதரைக் குறைத்துச் சொல்லவில்லை, அவரைக் காப்பாற்றத்தான் இந்த இழையே. ஆனால் வருத்தம் வேறு, கணக்கு வேறு. வின்னிபெக் புள்ளிவிவரங்கள் அட்லாண்டாவின் தொடர்ச்சியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. ஆறு.

சறுக்குமரம்:
ஆட்டக்காரரின் புள்ளிவிவர அட்டையில் என்ன அச்சாகியிருக்கிறது? அட்லாண்டா ஒரு வரி, வின்னிபெக் ஒரு வரி. கண்ணுக்குத் தெரிவதை எண்ணுங்கள்.

நீலக்கோடு:
அட்டையில் சிகாகோவும் இரண்டு தடவை வருகிறது, டல்லஸுக்குப் பிறகு 2017 பிப்ரவரியில் திரும்பி வந்ததால். அப்போ எட்டா? ஏன் எட்டு என்று சொல்லவில்லை? உங்களுக்கு வசதியான இடத்தில் எண்ணுவதை நிறுத்திக்கொள்கிறீர்கள். ஸ்ட்ரோல்மன் விஷயத்திலும் இதே கதை. டொராண்டோ, கொலம்பஸ், ரேஞ்சர்ஸ், டாம்பா, ஃபுளோரிடா, அரிசோனா, பாஸ்டன், ஏழு. 2009 கோடையில் கால்கரிக்கும் டிரேடு ஆனார். அதையும் சேர்த்தால் உங்கள் ஆள்தான் பெரிய பெட்டிதூக்கி.

சறுக்குமரம்:
கால்கரிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சீசன் தொடங்கும் முன்பே கொலம்பஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடாதது கணக்கில் வராது.

பெனால்டி பாக்ஸ்:
பிலடெல்பியாவுக்கு ஒடுயா ஆடியது ஒரே ஒரு ஆட்டம். ஒட்டாவா வேவரில் விட்டு (வேண்டிய அணி எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவது), பிலடெல்பியா எடுத்துக்கொண்டு, மொத்தமே ஒன்று. அதைத் தள்ளுபடி செய்தால் ஐந்து என்று நான் ஒரு புதுக் கட்சி ஆரம்பிக்கலாமா?

நீலக்கோடு:
ஒரு ஆட்டமும் ஆட்டம்தான்.

சறுக்குமரம்:
ஒரு ஆட்டம் ஆடிய பிலடெல்பியா வரும், 63 ஆட்டம் ஆடிய வின்னிபெக் வராது. அருமை. இதை யாராவது மேலே பின் செய்து வையுங்கள்.

மூன்றாவது பீரியட்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும்...

நீலக்கோடு:
63 ஆட்டமும் அட்லாண்டா ஒப்பந்தத்தில் ஆடியது.

பெனால்டி பாக்ஸ்:
நியூ ஜெர்சி ஒப்பந்தம். மேலே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீலக்கோடு:
பேச்சை மாற்ற வேண்டாம். நாளைக்கு சீசன் வாரியாக முழுப் பட்டியல் போடுகிறேன், யார் எந்தத் தேதியில் எந்தச் சட்டை போட்டார் என்று. அதற்குப் பிறகும் ஏழு என்று சொல்பவர் வந்து சொல்லட்டும்.

சறுக்குமரம்:
போடுங்கள். வின்னிபெக் சட்டைக்கு நேராக எந்த ஊர் பெயரை எழுதுகிறீர்கள் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.

பெனால்டி பாக்ஸ்:
பட்டியலோடு பிரியாணியும் வருமா?