ஓப்பன்ஹைமர் படத்தில் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் எதற்கு?

கேள்வி: 1945 சோதனையில் விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் அணுகுண்டு வெடித்ததோடு படம் முடிந்துவிடும் என்று நினைத்தேன், அதற்கப்புறமும் விசாரணை, விசாரணை என்று இழுக்கிறார்களே? கறுப்பு வெள்ளைக் காட்சிகள் வேறு குழப்புகின்றன.

பதில் 1: கறுப்பு வெள்ளை, அவருக்கு எதிராக நின்ற அணுசக்தி ஆணையத் தலைவர் ஸ்ட்ராஸின் பார்வை, கலர் ஓப்பன்ஹைமருடையது. 1954 விசாரணை இல்லாவிட்டால் கதையே இல்லை சார். குண்டு செய்து கொடுத்தவரையே நம்பாமல் அரசு ரகசியங்களைப் பார்ப்பதற்கான பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள், அந்த முடிவை அமெரிக்க அரசு ரத்து செய்ததே 2022-இல்தான்.

பதில் 2: ஹிரோஷிமாவுக்குப் பிறகு அவர் மேடையில் பேசும் காட்சியை மறுபடி பாருங்கள். கூட்டம் காலைத் தட்டி ஆர்ப்பரிக்கிறது, திடீரென்று ஆரவாரம் அடங்கி, எதிரே நிற்கும் பெண்ணின் முகத்தோல் உரிகிறது. குற்றவுணர்ச்சியை வேறு எப்படிக் காட்டுவதாம்?

பதில் 3: சரி, ஆனால் ஹிரோஷிமாவில் நடந்ததைத் திரையில் காட்டவே இல்லையே. எனக்கு அது உறுத்தல்தான்.