'கால் ஆஃப் ஸ்ட்ரைக்' என்றால் போராட்டம் தொடங்குகிறதா, முடிகிறதா?

கேள்வி (கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்):
ஆங்கிலப் பேப்பரில் 'ஃபிஷர்மென் கால் ஆஃப் ஸ்ட்ரைக்' என்று தலைப்பு. 'கால்' என்றால் அழைப்பதுதானே? அப்படியானால் ஸ்ட்ரைக்குக்கு அழைப்பு விடுத்திருக்கிறார்கள் என்றுதானே வரும்? அப்பாவோ, "நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) குடுக்குறாங்க, போட்டு (படகு) போகுது" என்று ஐஸ் ஏற்றக் கிளம்பிவிட்டார்.

பதில் (ஆங்கில ஆசிரியர், பாம்பன்):
அப்பா சொன்னதுதான் சரிம்மா. 'கால் எ ஸ்ட்ரைக்' என்றால் போராட்டம் அறிவிப்பது. 'ஆஃப்' சேர்ந்துவிட்டால் நேர் எதிர்: வாபஸ் வாங்கிவிட்டார்கள். நடக்கவிருப்பதையும் கால் ஆஃப் செய்யலாம், நடந்துகொண்டிருப்பதையும் செய்யலாம். நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோனால் 'தி வெட்டிங் வாஸ் கால்டு ஆஃப்'.

நம் கரையில் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. கடலில் காணாமல் போனவரைப் பற்றிய செய்தியில் 'தே கால்டு ஆஃப் தி சர்ச்' என்று இருந்தால், தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும்தான் பொருள். ஆள் கிடைத்தாரா இல்லையா என்பதை அடுத்த வரியில்தான் பார்க்க வேண்டும். பேப்பரை நம்பி வீட்டில் காத்திருக்கிறவர்களுக்கு அதை நாம் தப்பாகப் படித்துச் சொல்லிவிடக் கூடாது.

பதில் (நாட்டுப்படகுக்காரர், மண்டபம்):
அப்புறம், 'புட் ஆஃப்' வேறு, தங்கச்சி. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், காற்று அடங்கியதும் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் 'புட் ஆஃப்'. அந்தப் பாடே (மீன்பிடிக்கப் போவதே) வேண்டாம் என்று விட்டுவிட்டால் 'கால் ஆஃப்'.

மாணவி:
நன்றி அண்ணே. சார், ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறதே, அதை 'பேன் வாஸ் கால்டு ஆஃப்' என்று எழுதலாமா?

ஆசிரியர்:
எழுதக் கூடாதும்மா. அது தேதி வந்ததும் தானாக முடிவது, 'தி பேன் எண்டெட்' போதும். ஏற்பாடு செய்தவரோ பொறுப்பில் இருப்பவரோ முடிவெடுத்து நிறுத்தினால்தான் 'கால் ஆஃப்'. மழை மேட்ச்சை கால் ஆஃப் செய்யாது. மழையைப் பார்த்து நடுவர்கள் செய்வார்கள். 'இட்' போட்டு எழுதினால் அது நடுவில்தான் வரும்: 'தே கால்டு இட் ஆஃப்'. 'கால்டு ஆஃப் இட்' தவறு. 'தி ஸ்ட்ரைக்' என்று பெயரையே எழுதினால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்.