புதுப்பிப்பு: மணிக்கு எந்தத் தீனி?

சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் வளரும் எங்கள் நாய் மணிக்குக் கட்டுப்படியாகும் நல்ல உணவு எது என்று போன மாதம் கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பை விலையை விட்டுவிட்டு ஒரு நாள் செலவைப் பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன். 40 வெள்ளிப் பை 25 நாளில் தீர்ந்தது; 60 வெள்ளிப் பை 50 நாள் வருகிறது! பையில் ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று போட்டிருப்பதையும் பார்த்தே வாங்கினேன்.

முதலில் ஒரே நாளில் மாற்றியதால் பாவம், வயிற்றுப்போக்கு. அப்புறம் பழையதோடு கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து 10 நாளில் மாற்றினேன். இப்போது மலம் கெட்டியாக இருக்கிறது, கிண்ணத்தை நக்கித் தரையில் தள்ளிக்கொண்டே போகிறான்.

அம்மாவும் குழம்புச்சோறு வைப்பதை நிறுத்திவிட்டார். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது.